ஏழு மீட்டர் கோட்டில் வெறுங்காலோடு

"மாரி! யூ!"

கோச் என்னைப் பார்த்துத்தான் விரலை நீட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வராஜ் அண்ணன் என் தொடையில் தட்டினார். "உன்னத்தாண்டா. போ, போய் எறி."

அந்த நிமிஷம் வரை, கடல் தாண்டிப் போன அந்த நாட்டில் நான் பெஞ்சைத் தவிர வேறெதிலும் உட்காரவில்லை, ஆடுவதற்காகப் பெஞ்சை விட்டு எழவும் இல்லை. இந்திய ஆண்கள் ஹேண்ட்பால் அணியில் பதினாறு பேர். பதினைந்து பேர் எப்படியோ இரண்டு நிமிஷமாவது உள்ளே போய் வந்துவிட்டார்கள். நான் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். துண்டு எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குக் கடைசி ஆட்டம். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிஷம்தான் பாக்கி.

எங்கள் அணிக்கு ஏழு மீட்டர் எறி கிடைத்திருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோலுக்கு ஏழு மீட்டர் தள்ளி ஒரு சின்னக் கோடு. அதன் பின்னால் ஒருவன் பந்தோடு நிற்க வேண்டும். எதிரில் கோல்கீப்பர் மட்டும். விசில் ஊதினதும் மூன்று எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். முன்னங்கால் தரையை விட்டு எழக்கூடாது.

அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதற்காகத்தான் என்னை அவ்வளவு தூரம் கூட்டிப் போயிருந்தார்கள்.

இந்தத் தொடரில் போன வாரம் பயிற்சி முகாமைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். "நீங்கள் இந்தியாவுக்காக ஆடினீர்கள் என்கிறீர்கள். எத்தனை கோல் போட்டீர்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முந்தின கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. நான் ஆடினேனா இல்லையா?

இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

களிமண் கை

பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் எனக்கு வேலை நடவு வயலில்.

ஆண்கள் நாற்றங்காலில் நாற்றுப் பறித்து முடி முடியாகக் கட்டுவோம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுவார்கள். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் முடி கிடக்க வேண்டும். தள்ளி விழுந்தால் ஒரு பெண் நிமிர்ந்து நாலு எட்டு நடக்க வேண்டும். நாலு எட்டு நடந்தால் வரிசை உடையும். ரொம்பக் கிட்ட விழுந்தால் சேறு முகத்தில் தெறிக்கும். வரப்பில் நின்றபடி, வேர் கீழே இருக்கும்படி, அடுத்த முடி தேவைப்படும் இடத்தில் வீச வேண்டும். நான் வீசினால் கிடக்காது, நிற்கும்.

"இவன் கையில கண்ணு இருக்குடி" என்று நடவுப் பெண்கள் சொல்வார்கள். "வாய்லதான் ஒண்ணுமில்ல" என்று இன்னொருத்தி முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அடுத்த முடியை எடுப்பேன்.

அது செல்வராஜ் அண்ணன் வீட்டு வயல். அப்போது அவர் தஞ்சாவூரில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்தார். மாவட்ட அணிக்கு அவர்தான் கேப்டன். அதற்கு முன்பே இரண்டு தடவை வெளிநாடு போய் இந்திய அணிக்கு ஆடிவிட்டு வந்தவர். ஒரு குறுவை நடவில் வரப்பில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய் மாரி, அந்தத் தென்னை மரத்துல ஒரு வெட்டு இருக்கு பாரு. அடி பார்ப்போம்."

அடித்தேன். மூன்று முடி, மூன்றும் அதே வெட்டில். அவருடைய அப்பாவுக்குக் கோபம். "நாத்த நாசம் பண்ணாதீங்கடா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் மைதானத்தில் இருந்தேன். செருப்பில்லாத காலோடு. அங்கே எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் பந்து நான் நினைத்த இடத்துக்குப் போனது.

செல்வராஜ் அண்ணனை ஊரில் நாங்கள் "சின்னய்யா" என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் காலனி. அவர்கள் பெரிய தெரு. மைதானத்தில் நான் "சின்னய்யா, பந்து!" என்று கத்தினதும் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இங்க அண்ணேன்னு கூப்பிடுடா, மானத்த வாங்காத" என்றார். அன்றிலிருந்து மைதானத்தில் அண்ணே. ஊரில் சின்னய்யா. பஸ் பூதலூரைத் தாண்டும்போது நான் மாற்றிக்கொள்வேன்.

போகாத வருஷங்கள்

என் மகள் கவிதா நர்சிங் படிக்கிறாள். கொஞ்ச நாள் முன்னால் போனில் எதையோ தேடியவள், "அப்பா, உங்க டீம் ரெக்கார்டு எல்லாம் இருக்குப்பா" என்றாள்.

ஒரு பட்டியல். வருஷம், போட்டி, எத்தனையாவது இடம், வென்றது, தோற்றது. வென்றது என்ற வரிசையில் பெரும்பாலும் பூஜ்யம். தோற்றது என்ற வரிசை நிறைந்திருந்தது.

"என்னப்பா இது, மார்க் ஷீட் மாதிரி இருக்கு? எல்லாத்துலயும் பெயில்."

"சில வருஷம் ஒண்ணுமே போடலையே, அது என்ன?" என்று கேட்டேன்.

"அந்த வருஷம் நம்ம டீமே போகலையாம்."

"அந்த வருஷமெல்லாம் தோக்கல, எழுதிக்கச் சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தோற்ற கதை எனக்குத் தெரியும். முகாம் வடக்கே ஒரு ஊரில். சிமெண்டுத் தரை. வெயில் ஏறினால் பந்து கொதிக்கும். அணியில் பாதிப் பேர் ராணுவத்திலும் போலீஸிலும் இருந்து லீவு வாங்கி வந்தவர்கள். ஒருவனுக்கு மற்றவன் பெயரே மனப்பாடம் ஆகவில்லை. விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம்தான் முழு அணியும் ஒன்று சேர்ந்தது.

அங்கே போனால் மரத்தரை. கூரை போட்ட அரங்கம். வளைகுடா நாட்டுப் பையன்கள் கையில் தேன் மாதிரி ஒரு பசையைத் தடவிக்கொண்டு ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்துத் தூக்கினார்கள். எங்களுக்கும் ஒரு டப்பா கொடுத்தார்கள். அதுவரை அதை எங்களில் பலர் தொட்டதே இல்லை. முதல் ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவர் முழு வேகத்தில் எறிந்தார். பந்து கையை விட்டுப் போகாமல் ஒட்டி, அவர் காலடியிலேயே விழுந்தது. எதிரணிக்காரன் குனிந்து அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான். கேலிக்கு இல்லை, பரிதாபப்பட்டு. அதுதான் தாங்க முடியவில்லை.

அரைமணி ஆட்டத்துக்குள் எங்களுக்கும் அவர்களுக்கும் இருபது கோல் இடைவெளி. பெஞ்சில் இருந்த எங்களுக்கு ஸ்கோர் போர்டைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று தெரியாது. நான் கூரையைப் பார்ப்பேன். விளக்குகளை எண்ணுவேன்.

பசை எனக்கு மட்டும் புதிதாக இல்லை. நாற்றுப் பறிக்கிறவன் கை எப்போதும் களிமண் ஒட்டின கைதான். எப்போது விரலைப் பிரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். பயிற்சியில் நான் எறிந்ததைப் பார்த்த கோச், செல்வராஜ் அண்ணனிடம் இந்தியில் ஏதோ சொன்னார். "உன் கை நல்லாருக்காம்" என்றார் அண்ணன். "அப்ப ஆட விடுவாங்களாண்ணே?" "பொறுடா. அவசரப்படாத."

பொறுத்தேன். எல்லா ஆட்டமும் தோற்று, கடைசி இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடக்கும் ஆட்டம் வரை பொறுத்தேன்.

களமும் தெருவும்

ஷூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எனக்கு முதல் ஷூ முகாமில்தான் கொடுத்தார்கள். ஒரு சைஸ் பெரிசு. முன்னால் பஞ்சு வைத்துக்கொண்டேன். ஓடும்போது சமாளித்துவிடுவேன். ஆனால் ஏழு மீட்டர் எறிக்கு நின்றால் கால் உள்ளே வழுக்கும். ஒருநாள் கழற்றிவிட்டு எறிந்து காட்டினேன். பத்துக்குப் பத்து. கோச் சிரித்தார். அன்றிலிருந்து முகாமில் எனக்கு ஒரு சலுகை. ஏழு மீட்டர் என்றால் மாரி கழற்றிக்கொள்ளலாம். பெருவிரலைத் தரையில் ஊன்றினால் என் தோளுக்குப் பலம் எங்கிருந்தோ வரும்.

அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் ஷூ இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிறவன் இல்லை.

ஆனால் சலுகை மட்டும் காரணமா என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் நெல் அடிக்கும் களத்தில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். பெரிய தெருக்காரர்களும் ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். நெல் கிடக்கிற இடம். அந்த மரத்தரையும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு பேர் முட்டிபோட்டுப் பசையைத் துணியால் துடைத்து எடுப்பார்கள். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. ஷூவோடு ஏறக் கூசும்.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா வாழ்நாளில் இரண்டு ஜோடி செருப்பு வாங்கினார். பெரிய தெரு முனை வந்ததும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார். நான் சின்னப் பையனாக அவர் பின்னால் போவேன். எனக்கும் ஒருநாள் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். முனை வந்ததும் நான் கேட்காமலே கழற்றினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

களத்தில் எல்லோரும் கழற்றுவார்கள். தெருவில் நாங்கள் மட்டும். வெளியூர்க்காரர் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த மரத்தரையின் ஓரத்தில் நான் கழற்றியது எந்தக் கழற்றல் என்று எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை.

மூன்று எண்ணுவதற்குள்

கோச் கூப்பிட்டார். செல்வராஜ் அண்ணன் தட்டினார். நான் எழுந்தேன்.

குனிந்து வலது ஷூவின் நாடாவை இழுத்தேன். பிறகு இடது. சாக்ஸையும் உருவி உள்ளே திணித்தேன். கோச் நடுவர்களைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். செல்வராஜ் அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஷூவைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளி ஓரம் கட்டிக்கூட வைத்தார்.

தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

தரை குளிர்ச்சியாக இருந்தது. கோட்டுக்குப் பின்னால் நின்று பெருவிரலை ஊன்றினேன். பந்து கைக்கு வந்தது. கோல்கீப்பர் உயரம். நெடுகக் கையை விரித்தான். அவன் இடது முட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடம் எனக்குத் தெரிந்தது. நடவுப் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் தெரியுமே, அந்த மாதிரி இடம். பந்து அங்கே போய்விட்டது. எறிவதுதான் பாக்கி.

விசில் கேட்டது. ஆனால் அது எறியச் சொல்லும் விசில் இல்லை.

நடுவர் என் காலைக் காட்டினார். முதலில் அரங்கத்துக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எங்கோ மேலே ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, அது வரிசை வரிசையாக இறங்கி வந்தது. நடுவர் சிரிக்கவில்லை. பந்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார்.

"ஷூ! ஷூ!" என்று கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

ஓடினேன். ஒரு காலைத் திணித்தேன். நாடா கையில் பிடிபடவில்லை. விரலெல்லாம் பசை. கோச் என்னைப் பார்க்காமல் செல்வராஜ் அண்ணனைக் காட்டினார். அவர் எழுந்து, பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே போனார்.

ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தபோது பந்து வலையில் விழும் சத்தம் கேட்டது. முட்டிக்குப் பக்கத்தில்தான் போட்டாராம். அப்புறம் சொன்னார்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். பட்டியலில் அந்த வருஷத்துக்கு நேரே, வென்றது என்ற வரிசையில் ஒரு பூஜ்யம் இருக்கிறதே, அது அதுதான்.

"போய்?"

பூதலூர் ஸ்டேஷனில் தவில் நாகசுரத்தோடு வரவேற்பு. தஞ்சை வீரர் கோல் போட்டார் என்று பேப்பரில் வந்துவிட்டது. அணி கடைசி இடம் என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில். மாலை ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்கள். செல்வராஜ் அண்ணன் தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு.

நாட்டுக்கு ஆடினவர்களுக்கு ஒரு அலுவலகத்தில் வேலை கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். படிப்புப் பார்க்க மாட்டார்களாம். எங்கள் அணியில் நாலு பேருக்குக் கிடைத்தது. நானும் போனேன். அதிகாரி ஆட்டத் தாளின் நகலைப் புரட்டினார். என் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே ஒரு குறியும் இல்லை.

"ஆடுனீங்களா, உக்காந்திருந்தீங்களா?"

"உள்ள போனேன் சார்."

"போய்?"

"வெளிய அனுப்பிட்டாங்க."

"எறிஞ்சீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்குப்பா உள்ள போனீங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறேன். செல்வராஜ் அண்ணன் போலீஸில் இன்ஸ்பெக்டர்.

அத்தனை வருஷமும் என் மனதில் ஒரே ஒரு கேள்வி. அவர் அதற்கு முன் இரண்டு தடவை போய் வந்தவர். விதி தெரிந்தவர். நான் கழற்றும்போது பக்கத்தில் இருந்தவர். என் ஷூவை ஓரம் கட்டி வைத்தவர். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். என் கையைப் பார்த்து அவருக்குப் பொறாமை. தன் வயலில் முடி வீசினவன் தனக்கு மேல் எறிகிறான் என்று பொறாமை. தெரிந்தேதான் விட்டார். இதை நான் என் மனைவி வசந்தாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை. அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை.

"போய்க் கேட்டுருங்களேன்" என்பாள் வசந்தா. "கேட்டா தலையவா வாங்கிருவாரு? எறியற கை இருக்கு, கேக்கற வாய் இல்ல உங்களுக்கு."

தஞ்சாவூரில்

இந்த வருஷம் தஞ்சாவூரில் பழைய சர்வதேச ஆட்டக்காரர்களுக்கு ஒரு பாராட்டு விழா. எனக்கு அழைப்பு இல்லை. வசந்தா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து எடுத்து வைத்துவிட்டாள். போனேன்.

மேடையில் அவருக்குச் சால்வை போட்டார்கள். தொகுப்பாளர், "இந்தியாவுக்காக மூன்று முறை வாலிபால் ஆடியவர்" என்றார். அண்ணன் மைக்கை வாங்கி, "ஹேண்ட்பால்" என்று திருத்தினார். கூட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கை தட்டியது.

விழா முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"டேய் மாரி! மேடைக்கு வரவேண்டியதுதானடா."

"கூப்பிடலண்ணே."

"நான் சொல்லியிருப்பேன்ல. சரி சரி. எப்படி இருக்க?"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா."

குழாயை மூடினேன். பின்னால் இரண்டு பேர் குழாய்க்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு நான் ஷூவக் கழட்டினப்ப நீங்க பாத்தீங்கல்ல? போகாதடான்னு ஏண்ணே சொல்லல?"

அவர் ஈரக் கையோடு அப்படியே நின்றார். யோசித்தார். மழுப்பவில்லை. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், அது அப்படி இல்லை. ஒரு பழைய வீட்டில் எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"நெசமாச் சொல்றேன் மாரி. எனக்கு அது தோணவே இல்லடா. சின்ன வயசுலேர்ந்து உன்ன வெறுங்காலோடதான பாத்துருக்கேன். நீ கழட்டினது எனக்கு வித்தியாசமாவே தெரியல. அந்த ரெஃப்ரி கையக் காட்டினப்புறம்தான் நானே உன் காலப் பாத்தேன்."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். பாசமாகத்தான் வைத்தார். "இத்தன வருஷமா இதயா மனசுல வச்சிருந்த? போடா பைத்தியக்காரா. வா, சாப்பிடு."

"சரிங்க சின்னய்யா" என்றேன். அந்த வார்த்தை தானாக வந்தது. அவர் திருத்தவில்லை.

சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

வசந்தா வாசலிலேயே நின்றாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"வேணும்னே செஞ்சாராமா?"

"இல்ல. தெரியாமத்தான்."

"அப்பாடா" என்றாள். "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்க. அந்த மனுஷனப் போய் எதிரியாவே நெனச்சுக்கிட்டு."

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அவளுக்கு எப்படிச் சொல்வது? இருபத்தைந்து வருஷமாக அவரை எதிரி என்றுதான் வைத்திருந்தேன். அந்தப் பெஞ்சில் எனக்குச் சமமாக ஒருவர் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார் என்று நம்பியிருந்தேன். நாட்டுக்கு ஆடினேன் என்பதற்கு என் கையில் இருந்த சான்று அது ஒன்றுதான். அதையும் அவர் இல்லையென்று சொல்லிவிட்டார், ஈரக் கையை என் தோளில் வைத்து.